களவு இரத்தத்தில் வருமா?

"வாப்பாட ரத்தம்தானே, எங்க போகும்?"

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள் சகோதரியே. சில வேளை நீங்களே சொல்லியும் இருப்பீர்கள். நான் கடைசியாகக் கேட்டது ஒரு கல்யாண வீட்டுக் குசினியில். அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவன், பதினொரு வயது, மாமாவின் கடை லாச்சியிலிருந்து ஆயிரம் ரூபாவை எடுத்துவிட்டான். பிடிபட்டான், அடியும் பட்டான். அவனுடைய வாப்பா சில வருடங்களுக்கு முன்னர் ஒரு களவு வழக்கில் மறியலுக்குப் போனவர். வெளியே வந்தபின் வீட்டுக்குத் திரும்பவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சாச்சி ஒருவர்தான் அந்த வசனத்தைச் சொன்னார். அவர் கெட்ட மனுஷி அல்லர். அந்தப் பிள்ளைகளுக்குப் பெருநாளைக்கு உடுப்பு வாங்கிக் கொடுப்பவரே அவர்தான். பையனின் உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. பையன் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

இரண்டு நாள் கழித்து அந்த உம்மா என்னிடம் வந்தார். "நீங்க நாலு புத்தகம் படிக்கிற ஆள். உண்மையச் சொல்லுங்க. களவு ரத்தத்தில வருமா?" என்று கேட்டார். அன்று அவருக்கு அவசரமாகச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. நூற்றைம்பது வருடங்களாகப் பெரிய பெரிய வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் இதையேதான் கேட்டிருக்கிறார்கள்.

மண்டையோட்டில் தேடியவர்

இத்தாலியில் சீசரே லொம்புரோசோ என்றொரு வைத்தியர் இருந்தார். 1835இல் பிறந்தவர். சிறைச்சாலைக் கைதிகளின் உடல்களை அளப்பதே அவரது பிரதான வேலையாக இருந்தது. தென் இத்தாலியைச் சேர்ந்த ஒரு கைதி இறந்தபின் அவனது மண்டையோட்டை ஆராய்ந்தபோது, அதன் பின்பக்க அடியில் ஒரு சிறு குழியைக் கண்டார். சாதாரண மனிதரிடம் அரிதாகவும் சில விலங்குகளிடம் வழமையாகவும் காணப்படும் குழி அது. அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. குற்றவாளி என்பவன் காலம் தவறிப் பிறந்த ஆதிமனிதன். அவனைப் பெரிய தாடை, துருத்திய காது, நீண்ட கை ஆகியவற்றைக் கொண்டே இனங்கண்டுவிடலாம் என்று முடிவு கட்டினார். 1876இல் வெளியான அவரது நூல் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது.

நாம் சிரிக்கலாம். ஆனால் "முழியப் பார்த்தாலே தெரியுதே கள்ளன் என்று" எனச் சொல்லாத ஊர் எது? லொம்புரோசோ செய்ததெல்லாம் ஊர்ப் பேச்சுக்கு அளவுகோலும் இலத்தீன் பெயரும் கொடுத்ததுதான்.

அவர் விட்ட பெரிய பிழை, சிறைக்கு உள்ளே இருந்தவர்களை அளந்த அளவு கவனத்தோடு வெளியே இருந்தவர்களை அளக்காதது. அதை இங்கிலாந்தில் சார்ள்ஸ் கொரிங் என்ற சிறைச்சாலை வைத்தியர் செய்தார். ஏறத்தாழ 3000 கைதிகளின் உடல் அளவுகளை எடுத்து, மாணவர்கள், இராணுவத்தினர் போன்ற சாதாரண மனிதரின் அளவுகளோடு ஒப்பிட்டார். 1913இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, குற்றவாளிக்கென்று தனியான முகமும் கிடையாது, தனியான மண்டையும் கிடையாது. இத்தனைக்கும் கொரிங் பரம்பரைக்குப் பங்குண்டு என்று நம்பியவர்தான். 1909இல் இறந்துபோன லொம்புரோசோவின் எலும்புக்கூடு, அவர் சேர்த்து வைத்த மண்டையோடுகளோடு சேர்த்து துரின் நகர நூதனசாலையில் இன்றும் இருக்கிறது.

இது வெறும் அறிஞர் சண்டையாக முடிந்திருந்தால் நமக்குக் கவலையில்லை. லொம்புரோசோவின் நூல் வருவதற்கு ஐந்து வருடம் முந்தியே, 1871இல், பிரித்தானியர் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் என்ன செய்தார் என்று அச்சட்டம் கேட்கவில்லை. எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்றே கேட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தவர்கள் கைரேகை பதிய வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டபோது, பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆந் திகதி பொலிசார் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுவதிலும் 1952இலும்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. குசினியில் சொல்லப்படும் ஒரு வசனம் அரசாங்கத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கூடுதலாக ஒரு நிறமூர்த்தம்

மண்டையோடு கைவிட்டபின் தேடல் உடலுக்குள்ளே இறங்கியது. ஆணின் கலங்களில் பொதுவாக ஒரு எக்ஸ், ஒரு வை நிறமூர்த்தம் இருக்கும் என்பதைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். சில ஆண்களுக்கு வை இரண்டாக இருக்கும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்பிள்ளைகளில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். 1965இல் ஸ்கொட்லாந்தில், குற்றம் புரிந்த மனநோயாளர்களை அடைத்து வைத்திருந்த ஒரு வைத்தியசாலையில் 197 ஆண்களைச் சோதித்தபோது ஏழு பேரிடம் இந்த இரட்டை வை காணப்பட்டது. எதிர்பார்த்ததைவிட இது மிக அதிகம். உடனே பத்திரிகைகள் "கொலைகார நிறமூர்த்தம்" கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று எழுதத் தொடங்கின.

அடுத்த வருடம் சிக்காகோவில் எட்டு இளம் தாதியரை ஒரே இரவில் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக் என்பவனுக்கும் இதுவே இருக்கிறது என்ற செய்தி பரவியது. சோதித்துப் பார்த்தார்கள். அவனிடம் இருந்தது மற்ற எல்லா ஆண்களிடமும் உள்ள ஒரு எக்ஸ், ஒரு வை மட்டுமே. செய்தி பரவிய வேகத்தில் மறுப்பு பரவவில்லை என்பது நமக்குப் புதுமையல்ல.

1976இல் டென்மார்க்கில் நான்காயிரத்துக்கு மேற்பட்ட உயரமான ஆண்களைச் சோதித்த ஆய்வு இக்கதையை ஏறக்குறைய முடித்துவைத்தது. இரட்டை வை உள்ளவர்கள் பன்னிரண்டு பேரே கிடைத்தனர். அவர்களில் சிலர் தண்டனை பெற்றிருந்தார்கள், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள், வன்முறை அல்ல. படிப்பில் பின்தங்கியிருந்தமையே அதற்கு ஓரளவு காரணமாகத் தெரிந்தது.

வளர்ப்புப் பிள்ளைகள் சொன்ன சாட்சி

அந்த உம்மாவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு இனிமேல்தான் வருகிறது. கள்ளனின் மகன் கள்ளனாகும்போது, அது இரத்தத்தால் வந்ததா, அந்த வீட்டில் பார்த்துப் பழகியதால் வந்ததா என்று பிரித்தறிவது எப்படி? பெற்றவர் ஒருவரும் வளர்த்தவர் வேறொருவருமான பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் 1924 முதல் 1947 வரை உறவல்லாத குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பிள்ளைகளின் பதிவுகள் இருந்தன. சார்னொவ் மெட்னிக் என்பவரும் அவரது கூட்டாளிகளும் அவற்றை நீதிமன்றப் பதிவுகளோடு ஒப்பிட்டு 1984இல் முடிவை வெளியிட்டனர்.

ஆண்பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெற்றவர்களும் குற்றம் செய்யவில்லை, வளர்த்தவர்களும் செய்யவில்லை என்றால், 100 பேரில் 13 அல்லது 14 பேர் தண்டனை பெற்றிருந்தனர். வளர்த்தவர் மட்டும் குற்றவாளியாக இருந்தால் 15 பேர். பெற்றவர் மட்டும் குற்றவாளியென்றால் 20 பேர். இரு பக்கமும் அப்படியென்றால் 24 அல்லது 25 பேர்.

ஆக, இரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று நான் அந்த உம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். அதுவும் களவு போன்ற சொத்துக் குற்றங்களில்தான் இந்தத் தொடர்பு தெரிந்தது. அடிதடி, கொலை போன்றவற்றில் தெரியவில்லை. ஆனால் அதே கணக்கை மறுபக்கத்தால் பாருங்கள். பெற்ற வாப்பாவோ உம்மாவோ குற்றவாளி. பிள்ளை நல்லதொரு வீட்டில் வளர்ந்தது. அத்தகைய 100 பேரில் 80 பேர் ஒரு தடவையேனும் தண்டனை பெறவில்லை! சாச்சியின் வாயில் "எங்க போகும்" என்று வந்ததே, 80 பேரிடம் அது எங்கேயோ போய்த்தான் விட்டது.

மீதியில் கடத்தப்படுவது என்ன? களவு அல்ல. லாச்சியைத் திறக்கும் பரம்பரையலகு என்று ஒன்று கிடையாது. சுபாவம்தான் கடத்தப்படுகிறது. சில பிள்ளைகளுக்கு இயல்பிலேயே பயம் குறைவு. சிலருக்குப் பொறுமை இல்லை. நினைத்தவுடன் செய்துவிட வேண்டும். சிலருக்கு எதிலாவது ஒரு பரபரப்பு வேண்டும், சும்மா இருக்க முடியாது. உங்கள் பிள்ளைகளிலேயே ஒருவன் ஆறு மாதத்தில் கட்டிலிலிருந்து குதிக்கப் பார்த்திருப்பான், மற்றவள் தூக்கும்வரை காத்திருந்திருப்பாள். பயமறியாத அந்தச் சுபாவத்தோடுதான் ஆழ்கடலுக்கு வள்ளம் ஓட்டுகிறவர்களும் தீயணைப்புக்குப் போகிறவர்களும் பிறக்கிறார்கள்.

இதே விடயத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்த்த ஆய்வொன்று நியூசிலாந்தின் டனீடின் நகரில் நடந்தது. 1972, 73ஆம் ஆண்டுகளில் பிறந்த 1037 பிள்ளைகளை மூன்று வயதிலிருந்து தொடர்ந்து பார்த்து வந்தனர். மூளையில் சில இரசாயனங்களை உடைக்கும் நொதியம் ஒன்று, பரம்பரையலகு காரணமாகச் சில ஆண்பிள்ளைகளில் குறைவாகச் சுரக்கிறது. 2002இல் வெளியான முடிவின்படி, அந்தக் குறைவு இருந்து, சிறு வயதில் கொடுமைப்படுத்தப்பட்டும் இருந்த பையன்கள் தொகையில் 12 வீதம்தான். ஆனால் வன்முறைத் தண்டனைகளில் 44 வீதம் அவர்களுடையது. அதே குறைவு இருந்தும் அடி உதையின்றி வளர்ந்தவர்கள் மற்றவர்களைப் போலவே இருந்தனர். பின்னர் வந்த ஆய்வுகளில் சில இதை உறுதிசெய்தன, சில செய்யவில்லை. ஒரே பரம்பரையலகை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதே இன்றைய நிலை. ஆனால் சிறு வயதுக் கொடுமை ஒரு பிள்ளையைக் கெடுக்கிறது என்பதை எந்த ஆய்வும் மறுக்கவில்லை. "அடிச்சாத்தான் திருந்துவான்" என்பவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

உடலே நேரடியாகக் காரணமாகும் சந்தர்ப்பமும் உண்டு. 1966இல் டெக்சாஸ் மாநிலத்தில் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து பலரைச் சுட்டுக்கொன்ற சார்ள்ஸ் விட்மன், தன் தலைக்குள் ஏதோ மாறிவிட்டதாக எண்ணி, தான் இறந்தபின் மூளையைச் சோதிக்கும்படி எழுதி வைத்திருந்தான். சோதித்தபோது ஒரு கட்டி இருந்தது. அதுதான் காரணம் என்று அன்றைய வைத்தியக் குழுவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனினும் தலையில் அடிபட்டபின், அல்லது கடும் மூளைக் காய்ச்சலுக்குப் பின், ஒரு பிள்ளையின் குணம் திடீரென்று மாறினால், அவனை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஓதிப் பார்ப்பவர்கள் பாருங்கள், வைத்தியரிடமும் கொண்டுபோங்கள்.

உம்மா மீதே பழியா?

இனி உளவியலாளர்கள் பக்கம். இங்கே ஒரு பெரிய அநியாயம் நடந்திருக்கிறது.

லண்டனில் ஜோன் போல்பி என்ற மனநல வைத்தியர் தன் சிகிச்சை நிலையத்துக்கு வந்த, களவு செய்த 44 பிள்ளைகளை, களவு செய்யாத வேறு 44 பிள்ளைகளோடு ஒப்பிட்டு 1944இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். களவு செய்தவர்களில் 17 பேர் ஐந்து வயதுக்கு முன் நீண்ட காலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள். மற்றவர்களில் இருவர் மட்டுமே அப்படி. யார் மீதும் பாசமே காட்டாத 14 பிள்ளைகளை அவர் தனியாகக் குறித்திருந்தார்; அவர்களில் 12 பேர் தாயைப் பிரிந்தவர்கள்.

இந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டு உலகமே தாய்மாரை நோக்கி விரல் நீட்டியது. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையைக் கெடுக்கிறாள் என்றனர். நம் ஊர்களிலும் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன உம்மாமாரின் பிள்ளைகள் ஏதாவது செய்துவிட்டால் முதலில் வருவது இந்தப் பேச்சுத்தான். அவர் ஏன் போனார், அந்தக் காசில் கூரை போட்டவர் யார், வாப்பா அத்தனை நாளும் எங்கே இருந்தார் என்று எவரும் கேட்பதில்லை.

போல்பியின் ஆய்வு சிறியது. பிள்ளைகளைப் பேட்டி கண்டவரும் அவரே, தீர்மானித்தவரும் அவரே. பின்னர் வந்தவர்கள் கேட்டது வேறொரு கேள்வி: பிரிவா கெடுக்கிறது, அல்லது பிரிவைச் சுற்றி நடப்பவையா? அமெரிக்காவில் பொஸ்டன் நகரை அடுத்த ஏழைக் குடியிருப்புகளில் சிறுவர்களாக இருந்தோரை முப்பது வருடங்களுக்கு மேல் தொடர்ந்த ஜோன் மெக்கோர்ட் என்ற பெண்மணி 1982இல் தந்த கணக்கை நான் அந்த உம்மாவுக்கு ஒரு துண்டில் எழுதியே கொடுத்தேன். வாப்பா இல்லாத வீடு, உம்மாவும் பாசம் காட்டாதவர்: அங்கு வளர்ந்தவர்களில் 62 வீதமானோர் குற்றத்தில் இறங்கினர். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஆனால் ஓயாத சண்டை: 52 வீதம். இருவரும் இருக்கிறார்கள், சண்டையில்லை: 26 வீதம். வாப்பா இல்லை, ஆனால் உம்மா பாசமானவர்: 22 வீதம்.

கடைசி இரண்டு எண்களையும் மறுபடி பாருங்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு பாசமுள்ள உம்மா, இருவர் சேர்ந்து அமைதியாக நடத்தும் வீட்டுக்கு ஒரு துளியும் குறைந்தவர் அல்லர். "ஆம்பிளை இல்லாத வீடு" என்று வாய் கூசாமல் பேசுகிறவர்கள், ஆம்பிளை இருந்து தினமும் கோப்பை பறக்கும் வீடுகளைப் பற்றி என்ன சொல்வார்கள்?

பெயர் வைப்பது

லண்டனின் தென்பகுதியில் 411 பையன்களை 1961 முதல் தொடர்ந்து பார்த்து வந்த ஆய்வொன்றைக் கொண்டு டேவிட் பரிங்டன் 1977இல் ஒரு விடயத்தைச் சொன்னார். ஒரே மாதிரியான குறும்பு செய்த பையன்களில், பொலிசில் பிடிபட்டு நீதிமன்றத் தீர்ப்புப் பெற்றவர்கள், அதன் பின் திருந்தவில்லை. இன்னும் கூடுதலாகச் செய்தார்கள். பிடிபடாதவர்கள் அப்படி ஆகவில்லை. கள்ளன் என்று பெயர் விழுந்துவிட்டது; அதற்கேற்ற கூட்டாளிமாரும் கிடைத்துவிட்டனர். வெறும் பெயரே இவ்வளவு செய்யுமென்றால், "இரத்தம்" என்ற பெயர் இன்னும் கொடியது. செய்த செயலுக்காக வெட்கப்படும் பிள்ளை அதைத் திருத்தலாம். இரத்தத்தை அவன் எப்படித் திருத்துவான்?

உளவியலாளர் டெரி மொபிட் 1993இல் காட்டியது போல, பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கி வளர்ந்தபின்னும் குற்றம் செய்துகொண்டிருப்போர் மிகச் சிறிய தொகையினர். பெரும்பாலானோர் பதின்ம வயதில் தடுமாறி, இருபதுகளில் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். வேலை, கல்யாணம், பிள்ளை என்று வாழ்க்கை பிடித்துக்கொள்கிறது. மூளையில் அவசரத்தை அடக்கி யோசிக்க வைக்கும் முன்பகுதியும் இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அதுவரை அவர்கள் திரும்பி வருவதற்கு வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் ஓரளவு இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை எதைச் செய்தாலும் குற்றமாகாது என்றிருந்தது. 2018இல் செய்த திருத்தத்தால் அது பன்னிரண்டு வயதாக உயர்ந்தது. ஆகவே கல்யாண வீட்டு வாசலில் நின்ற அந்தப் பதினொரு வயதுப் பையன் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியே அல்லன். குசினியில்தான் அவன் குற்றவாளி.

கவனிக்க வேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. பத்து வயதுக்கு முன்பே பூனை நாயை வேண்டுமென்றே வதைப்பது, தீ வைப்பது, சின்னப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துவது, அதன் பின் கொஞ்சமும் வருந்தாதது ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து நீண்ட நாள் இருந்தால் காத்திருக்காதீர்கள். பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது குடும்ப மானத்துக்குக் குறைவு என்று எண்ணி வீட்டுக்குள் மூடி வைத்து, பதினாறு வயதில் பொலிஸ் நிலையத்தில் காத்துக்கிடக்கும் உம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை லாச்சியில் கைவைத்த பையன் அந்த வகையைச் சேர்ந்தவன் அல்லன்.

அந்தக் காசை ஏன் எடுத்தாய் என்று அவனிடம் யாராவது கேட்டார்களா என்று உம்மாவிடம் கேட்டேன். கேட்கவில்லையாம். அடித்தார்கள், பேசினார்கள், கேட்கவில்லை. அன்றிரவு அவர் கேட்டிருக்கிறார். வகுப்பில் எல்லோரும் சுற்றுலா போகிறார்கள். காசு கேட்டால் உம்மா அழுவார் என்று கேட்காமல் எடுத்தானாம். எடுத்த காசு செலவழியவும் இல்லை. கணிதக் கொப்பிக்குள் மடித்து வைத்தபடி பிடிபட்டிருக்கிறான்.

மாமாவிடம் உம்மா போய்ப் பேசினார். அது எளிதாக இருக்கவில்லை. இரண்டு முறை போனார். பாடசாலை விடுமுறையில் மாமா பையனைக் கடைக்கு எடுத்தார். லாச்சிப் பக்கம் விடவில்லை. பின்னறையில் சவர்க்காரப் பெட்டிகளை அடுக்கும் வேலை கொடுத்தார். முதல் கிழமைக் கூலியைக் கொடுக்கும்போது, எடுத்த ஆயிரத்துக்குத் தண்டமாக இருநூறு ரூபாவைக் கழித்துக்கொண்டு மீதியை அவன் கையிலேயே எண்ணி வைத்தாராம். கழித்ததைப் பற்றிப் பையன் முறைப்பாடு சொல்லவில்லை. பெட்டிகளை அடுக்கிய விதம் சரியில்லை என்று மாமா ஏசியதைப் பற்றித்தான் வீட்டுக்கு வந்து இரவு முழுக்க முறைப்பாடு சொன்னானாம்.